80 மணி நேரத்துக்கு ஒரு காகிதம்: 9/11 மருத்துவத் திட்டத்தில் என் கணவரைச் சேர்த்த கதை

2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் நியூயார்க்கின் வோர்ல்ட் டிரேட் சென்டர் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த பிறகு, அந்த லோயர் மன்ஹாட்டன் பகுதியில் மீட்பு வேலையும் துப்புரவு வேலையும் பார்த்தவர்களுக்காக அமெரிக்க அரசு ஒரு மருத்துவத் திட்டம் நடத்துகிறது. பெயர் வோர்ல்ட் டிரேட் சென்டர் ஹெல்த் புரோகிராம். பரிசோதனை இலவசம், அந்தப் புகையாலும் தூசியாலும் வந்ததென்று உறுதியான நோய்களுக்குச் சிகிச்சையும் மருந்தும் இலவசம். இதில் சேர உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதாது. எங்கே நின்றீர்கள், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். தீயணைப்புத் துறையிலோ பெரிய யூனியனிலோ இருந்தவர்களுக்கு அந்தக் காகிதம் அலுவலகத்திலேயே இருக்கும். என் வீட்டுக்காரர் மாதிரி சப்-கான்ட்ராக்ட் கம்பெனி வழியாக உள்ளே போனவர்களுக்கு அது எங்கேயும் இருக்காது, நாமே உண்டாக்க வேண்டும். இதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். 2001-ல் நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. செப்டம்பர் 11 சாயங்காலம் வோர்ல்ட் டிரேட் சென்டரின் ஏழாம் எண் கட்டடமும் விழுந்தபோது அதை ஒட்டி மேற்கு வீதியில் இருந்த தொலைபேசி இணைப்பகம் பலமாக அடிவாங்கியது. அந்தப் பகுதி முழுக்கத் தொலைபேசியும் டேட்டா லைனும் செத்துப்போயின. பங்குச் சந்தையை 17-ஆம் தேதி திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள், ஆனால் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு உயிர் வர மாதக்கணக்கில் ஆனது. தற்காலிகக் கேபிள்களைத் தெருவோரமாகவே போட்டுக்கொண்டு போனார்கள். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் இவருடைய கம்பெனியை அதற்குக் கூப்பிட்டார்கள். ராத்திரி ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம், டிசம்பர் வரைக்கும். அந்த நாட்களில் என்ஜினியர், டெக்னீஷியன் என்று யாரும் பார்க்கவில்லை, கேபிள் சுருளைத் தோளில் தூக்காத ஆள் கிடையாது என்பார். பேஸ்மென்ட்டில் தண்ணீரும் தூசியும் சேர்ந்து குழம்பாக நிற்குமாம். முகத்துக்கு ஒரு பேப்பர் மாஸ்க், அதுவும் நனைந்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள். காலையில் வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை வாசலிலேயே கழற்றச் சொல்வேன். அதன் தையலில் சாம்பல் நிறப் பொடி இறுகிப்போய் இருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நான்தான் தேய்த்து எடுப்பேன். சிமென்ட், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த பொடி அது என்று அப்போது எனக்கு என்ன தெரியும்? செப்டம்பர் 18-ஆம் தேதியே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டீன் டாட் விட்மன் காற்று பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டிருந்தார். அப்படிச் சொல்ல அந்த முகமையிடம் போதிய தரவு இருக்கவில்லை என்று அதன் உள் ஆய்வாளரே 2003-ல் எழுதினார். இடிபாட்டுக்குள் தீ டிசம்பர் வரை கனன்றுகொண்டிருந்தது.

அடுத்த வருஷமே இருமல் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மூக்கடைப்பு, தலைபாரம், படுத்தால் வீசிங். டாக்டர்கள் போலன், அதாவது மகரந்த ஒவ்வாமை என்றார்கள், தூசி ஒவ்வாமை என்றார்கள், வீட்டில் கார்ப்பெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2004-ல் சைனஸ் ஸ்கேன், பிறகு ஒரு அறுவைச் சிகிச்சை. அதற்கு மட்டும் இன்ஷூரன்ஸ் போக எங்கள் கையிலிருந்து மூவாயிரம் டாலருக்கு மேல் போனது. இன்ஹேலருக்கு மாதாமாதம் கட்டியதை நான் கூட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் வயிறு எரியும். இந்தத் திட்டம் சேருவதற்கு முன்னால் நாம் செலவழித்ததைத் திருப்பித் தராது. ஆகவே தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் நம் பணம்தான்.

தள்ளிப்போனதற்குக் காரணம் எளிது. “நான் என்ன தீயணைப்பு வீரனா? அதெல்லாம் அவங்களுக்கு. அவங்க இடத்தை நாம எடுத்துக்கக் கூடாது” என்பார். 2018-ல் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. மீட்பு, இடிபாடு அகற்றல் மட்டுமல்ல, அதற்குத் துணையான வேலை பார்த்தவர்களும் சட்டப்படி ‘ரெஸ்பாண்டர்’தான், தொலைபேசி, மின்சாரம் சரிசெய்தவர்கள் எத்தனையோ பேர் உள்ளே இருக்கிறார்கள் என்றார். யாருடைய இடத்தையும் யாரும் பறிக்கவில்லை. புதிதாகச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, 2015-ல் அதைக் கணிசமாகக் கூட்டிவிட்டார்கள். அந்த இடிபாட்டில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர் 2006-ல் இறந்தார். அவர் பெயரிலான சட்டத்தில் 2011 ஜனவரி 2 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். அந்த ஜூலையில் திட்டம் தொடங்கியது. 2015 டிசம்பரில் 2090 வரைக்கும் நீட்டித்தார்கள். குடியுரிமையோ விசா நிலையோ நிபந்தனை இல்லை. அந்தக் காலத்தில் எச்-1பி வேலை விசாவில் இருந்துவிட்டு வேலை போனதும் ஊர் திரும்பியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் திட்டத்தின் மருத்துவமனைகளும் டாக்டர்களும் அமெரிக்காவுக்குள்தான், பரிசோதனைக்கு இங்கே வந்தாக வேண்டும்.

விண்ணப்பத்தில் முதல் கேள்வியே எந்த வகை என்பதுதான். தீயணைப்புத் துறைக்குத் தனி, பொதுவான ரெஸ்பாண்டர்களுக்குத் தனி, அந்தப் பகுதியில் வசித்தவர்கள், படித்தவர்கள், ஆபீஸ் போனவர்கள் என்று ‘சர்வைவர்’களுக்குத் தனி, அதே நாளில் விமானம் மோதிய பென்டகனிலும் விமானம் விழுந்த ஷாங்ஸ்வில்லிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தனி. இதில் அவசரப்பட்டு டிக் அடிக்காதீர்கள். சர்வைவர் வகைக்கு எல்லை கொஞ்சம் பெரிது, ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே முழுதும், புரூக்ளினில் ஒரு பகுதியும் அடங்கும். ஆனால் சேரும்போதே நோய் அறிகுறி இருக்க வேண்டும், பொதுவாக நம் சொந்த இன்ஷூரன்ஸ் கட்டியது போக மீதியைத்தான் திட்டம் ஏற்கும். ரெஸ்பாண்டருக்கு எல்லை கெனால் தெருவுக்குத் தெற்கே, இடிபாட்டைக் கொண்டுபோய்க் கொட்டிய ஸ்டேட்டன் ஐலண்ட் குப்பைக் கிடங்கு, இடிபாடு ஏற்றிய படகுத் துறைகள், முக்கியமாக இவைதான். அறிகுறி இல்லாமலே சேரலாம், வருடாந்தரப் பரிசோதனை உண்டு, சான்றளித்த நோய்க்குக் கையிலிருந்து ஒரு பைசா கிடையாது. ஆனால் மணிக்கணக்கு கேட்பார்கள். செப்டம்பர் 11 முதல் 14 வரையில் 4 மணி நேரம், அல்லது செப்டம்பர் மாதத்துக்குள் 24 மணி நேரம், அல்லது 2002 ஜூலை 31-க்குள் 80 மணி நேரம். மூன்றில் ஒன்று போதும். இவர் கணக்குக்கு 80 என்பது ஏழே ராத்திரி. வேலை பார்த்ததோ மூன்று மாதம். அதனால் சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் உட்கார்ந்தோம்.

கம்பெனி 2003-லேயே மூடியாகிவிட்டது. அதை வாங்கிய கம்பெனியையும் இன்னொருவர் வாங்கியிருந்தார். அந்த ஹெச்.ஆர். ஆட்களைப் பிடித்து ஒரு கடிதம் வாங்குவதற்குள் குளிர்காலமே போய்விட்டது. வந்த கடிதத்தில் இரண்டு வரி: இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் வேலை பார்த்தார். முகவரி நியூ ஜெர்சி. சம்பளச் சீட்டிலும் நியூ ஜெர்சி, வரிக்காகக் கம்பெனி வருஷா வருஷம் தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்திலும் நியூ ஜெர்சி. இதற்கு நடுவில் பெயர்த் தகராறு வேறு. நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சங்கடம் இது. சம்பளச் சீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், கிரீன் கார்டில் அதே அப்பா பெயர் முதலில். சேர்க்கைக்கு முன் விண்ணப்பதாரரின் பெயரைப் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் இணைத்துவிட்டேன். அதன் பிறகு பெயர் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நீங்களும் கேட்கும் முன்பே செய்துவிடுங்கள்.

காகிதம் போதவில்லை, மேலும் அனுப்புங்கள் என்று முதலில் ஒரு கடிதம் வந்தது. எங்களிடம் அனுப்ப வேறொன்றும் இல்லை. பிறகு மறுப்புக் கடிதம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதைப் படித்துவிட்டு சமையலறையில் நின்றபடியே அழுதேன். இவர் ஒன்றும் பேசாமல் டிவியைப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடிதத்தின் மேல் அல்ல, இவர் மேல்தான். “விடு, நான்தான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை வேறு. இரண்டு நாள் கழித்து நிதானமாகப் படித்தபோது கடிதத்தில் அநியாயம் ஒன்றும் இல்லை என்று புரிந்தது. நாங்கள் அனுப்பியவை இவர் வேலையில் இருந்தார் என்று காட்டின. கெனால் தெருவுக்குத் தெற்கே ஒரு மணி நேரம் நின்றதாகக்கூட அவற்றில் ஒரு வார்த்தை இல்லை. நோயைப் பற்றிக் கட்டுக்கட்டாக நான் வைத்திருந்த ரிப்போர்ட்டுகளுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. சேர்க்கை ஒரு தனிக் கதவு, நோய்க்குச் சான்றளிப்பது அடுத்த கதவு. முதல் கதவில் இடம், தேதி, மணி, செய்த வேலை, இந்த நாலு மட்டும்தான் பேசும்.

மேல்முறையீட்டுக்கு 120 நாள். அது கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து, நம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. முதல் வேலையாக நான் அவருடைய பிரதிநிதியாக என்னை நியமிக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். அது இல்லாதவரை போனில் என்னிடம் ஒரு விவரமும் சொல்ல மாட்டார்கள், மனைவி என்றாலும் சரி. ஒருவரைத்தான் நியமிக்கலாம், எனவே போன் எடுத்துப் பேசும் பொறுமை உள்ளவரைப் போடுங்கள். அதற்கடுத்து ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரத்துக்கு 350 டாலர். இழப்பீட்டு வழக்கு கொடுத்தால்தான் இதையும் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சேர்க்கைக்கும் அதன் மேல்முறையீட்டுக்கும் வக்கீல் தேவையே இல்லை, கட்டணமும் இல்லை. எழுத வேண்டியது ஒரு கடிதம், அதில் முடிவு ஏன் தவறென்று காரணம், கூடவே புதிய ஆதாரம். மூல முடிவில் சம்பந்தப்படாத ஒரு அதிகாரி கோப்பைப் பார்த்துப் பரிந்துரை செய்வார், திட்டத்தின் நிர்வாகி இறுதியாக முடிவு செய்வார். இரக்கம் கேட்டு நான் எழுதிய முதல் வரைவு நாலு பக்கம். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு ஒரு பக்கத்தில் தேதியும் இடமும் மட்டும் எழுதினேன்.

ஆதாரத்துக்கு எங்கெங்கோ தேடினேன். வருமான வரி அலுவலகத்தின் பதிவு நகல் பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் போகாது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்ஏ-7050 என்றொரு படிவம் இருக்கிறது, அது எந்தக் கம்பெனி எந்த வருஷம் எவ்வளவு சம்பளம் கட்டியது என்று பெயரோடு தரும். அப்போது நூறு டாலரை ஒட்டிச் செலவு. மூடிப்போன கம்பெனிக்கு அது உதவும், ஆனால் அதிலும் மன்ஹாட்டன் என்று இருக்காது. டோல் ரசீது, பார்க்கிங் சீட்டு, உள்ளே போக மாட்டிக்கொண்ட அடையாள அட்டை, எதுவும் இல்லை. அட்டையை வேலை முடிந்த அன்றே சூபர்வைசர் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.

கிடைத்தது வேறொன்று. 2001 வருமான வரிக் கோப்பின் அடியில் ஒரு செலவுக் கணக்குப் படிவம், கார்பன் நகல், மஞ்சள் தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படகுக்கும் ஆன பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு இவர் எழுதியது. தேதி, ஷிஃப்ட் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தத் தெரு, என்ன வேலை, எவ்வளவு செலவு என்று கட்டம் கட்டமாக இருந்தது. பார்க்லே தெரு, வீசி தெரு, மேற்கு பிராட்வே. கடைசியில் சூபர்வைசர் கையெழுத்து. அந்த முந்நூறு சொச்சம் டாலரைக் கம்பெனி கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் தாளை அன்றைக்கே தூக்கிப்போட்டிருப்போம். வராத கடனுக்குச் சாட்சியாக இவர் எடுத்து வைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. நான் கூட்டிப் பார்த்தேன், ஒரு மாதக் கணக்கே 80-ஐத் தாண்டியது. ஆகவே தேடும்போது சம்பளக் காகிதத்தோடு நிற்காதீர்கள். சண்டை போட்ட காகிதங்களைத் தேடுங்கள்: கிடைக்காத ஓவர்டைம், திருப்பிக் கேட்ட செலவு, ஷிஃப்ட் மாற்றச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சல். அவற்றில்தான் இடமும் நேரமும் இருக்கும்.

இதோடு சாட்சி வாக்குமூலமும் வேண்டும் என்று நினைத்தேன். இவரோடு அதே ஷிஃப்ட்டில் இருந்த தம்பி ஒருவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். வாட்ஸாப்பில் கூப்பிட்டபோது, “அண்ணி, என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார். அது நடக்காது தம்பி, நீங்கள் கண்ணால் பார்த்ததை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். அரசாங்கத்துக்குப் பொய் சொன்னால் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அவர் எழுதி அனுப்பிய முதல் கடிதத்தில் ‘மிகவும் கடுமையாக உழைத்தார், நல்ல மனிதர்’ என்று இருந்தது. நல்ல மனிதர் என்பதால் எங்களுக்கு என்ன லாபம்? நான் கேள்வி கேட்கக் கேட்க அவருக்கு ஞாபகம் வந்தது. பார்க்லே தெருக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, ராத்திரி ஏழு மணிக்குச் செக்பாயின்ட்டில் கூடி வேனில் உள்ளே போவார்கள், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையன்று இருவருக்கும் ஷிஃப்ட் இருந்தது. இப்படி அவர் எப்படித் தெரிந்துகொண்டார், தாமும் எங்கே நின்றார் என்பதோடு எழுதினார். அந்த விடுமுறை ராத்திரி மஞ்சள் தாளிலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. கம்பெனியிடம் ஏன் முழுக் கடிதம் வாங்க முடியவில்லை, யார் யாரிடம் கேட்டோம் என்பதையும் ஒரு பத்தி எழுதி இணைத்தேன். ஆதாரம் இல்லாதபோது அதைத் தேடிய முயற்சியைச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. தபாலை டிராக்கிங் எண்ணோடு அனுப்பி, ரசீதையும் முழு நகலையும் பீரோவில் வைத்தேன்.

சேர்த்துக்கொண்டோம் என்று கடிதம் வந்தபோது இவர் அதை வாங்கி, கண்ணாடி போட்டு, இரண்டு முறை படித்தார். “ரெஸ்பாண்டர்னு போட்டிருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது கதவைப் பற்றி. நாமாகப் போய் என் ஆஸ்துமாவுக்குச் சான்று கொடுங்கள் என்று திட்டத்திடம் கேட்க முடியாது. திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவ மையத்தின் டாக்டர்தான் பரிசோதித்து, தூசிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்று எழுதி அனுப்ப வேண்டும். நியூயார்க்கில் மவுன்ட் சைனாய், என்ஒய்யு, நார்த்வெல், ஸ்டோனி புரூக், நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் ஆகியவை அப்படிப்பட்ட மையங்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு நாடு முழுதும் ஒரு தனி டாக்டர் வலையமைப்பு உண்டு. பட்டியலில் இருக்கும் நோயாக இருக்க வேண்டும், அதோடு அறிகுறி எப்போது தொடங்கியது என்பதும் முக்கியம். மூச்சு, செரிமானப் பாதை நோய்கள் அங்கே கடைசியாக வேலை பார்த்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். புற்றுநோய் என்றால் தலைகீழ்: 2012-ல்தான் பட்டியலில் சேர்ந்தது, பெரும்பாலான கட்டிகளுக்கு அந்தத் தூசி முதன்முதலில் பட்டதிலிருந்து குறைந்தது 4 வருஷம் கழிந்திருக்க வேண்டும். ஆக, பழைய மருத்துவக் காகிதங்களுக்கு இப்போதுதான் வேலை. நியூ ஜெர்சியில் டாக்டர்கள் 7 வருஷம் வைத்திருந்தால் போதும், அப்புறம் அழித்துவிடலாம். எங்கள் பழைய டாக்டரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. 2004 சைனஸ் ஸ்கேன் அறிக்கை வீட்டில் இருந்ததால் தப்பித்தோம், அதில் ‘இரண்டு வருடங்களாக இருமல்’ என்று ஒரு வரி இருந்தது. சைனஸுக்கும் ஆஸ்துமாவுக்கும் சான்று கிடைத்தது. நெஞ்செரிச்சலுக்குக் கிடைக்கவில்லை. காகிதத்தில் அது முதலில் தென்படுவதே 2009-ல். இந்த முடிவுக்கும் 120 நாள் மேல்முறையீடு உண்டு. நான் செய்யவில்லை. புதிதாகக் காட்ட ஒன்றுமில்லாதபோது உரிமை இருக்கிறது என்பதற்காக மட்டும் இன்னொரு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் பழைய சீட்டு ஒன்று இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

இன்னொன்று, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு நிதி என்பது வேறு அமைப்பு, நீதித் துறையின் கீழ் வருவது. மருத்துவத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் அதிலும் தானாகச் சேர்ந்ததாக ஆகாது. நோய்க்குச் சான்று வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் அங்கே பதிவு செய்ய வேண்டும். பதிவு என்பது வழக்கு அல்ல, எந்த உரிமையையும் இழக்க மாட்டோம், எனவே சான்று வந்த வாரமே செய்துவிடலாம். 2019 சட்டத்தால் கோரிக்கை அனுப்ப 2090 அக்டோபர் 1 வரை வழி இருக்கிறது என்று கேட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், உங்கள் 2 வருஷக் கெடு அதற்குள்தான் ஓடுகிறது. அங்கே வக்கீல் வைத்தால் கிடைக்கும் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோயம்புத்தூர் தம்பிக்கும் நாள்பட்ட இருமல் இருக்கிறது. மகள் டெக்சாஸில் படிக்கிறாள், அவளைப் பார்க்க வரும்போது பரிசோதனையும் செய்துகொள்ளலாம் என்று சொல்லி விண்ணப்பத்தை ஆரம்பித்திருக்கிறோம். அவரிடம் ஒரு தாளும் இல்லை. எங்கள் மஞ்சள் தாளில் அவர் பெயரும் நாலைந்து இடத்தில் வருகிறது, சாப்பாட்டைப் பங்கு போட்டதால். இந்த முறை வாக்குமூலம் எழுத வேண்டியவர் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன் என்றிருக்கிறார், நானும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.